நீளச் சாமான்களுக்கு உயரம் மாற்றக்கூடிய தனிநிலை இறாக்கை: அளவு, வெட்டு, ஒட்டு, பொருத்து

பழைய சோனகத் தெருவிலோ குவாரி வீதியிலோ ஒரு ஹாட்வெயார் கடையின் உட்பக்கத்தைப் பார்த்தால் நீளச் சாமான்கள் இரண்டே விதமாகத்தான் இருக்கும். ஒன்று சுவரில் சாய்த்திருப்பார்கள். இல்லாவிட்டால் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சாய்த்தவை சரிந்து ஆளின் காலில் விழும், பி.வி.சி. பைப் என்றால் வில்லாக வளைந்துவிடும். அடுக்கியவற்றில் அடியில் கிடப்பதை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் தூக்க வேண்டும். சுவரில் கை (சாமானைத் தாங்க வெளியே நீளும் இரும்பு) அடித்து மாட்டலாமே என்றால், கொழும்பில் பாதிக் கடைகளும் ஸ்டோர்களும் வாடகைக்கு எடுத்தவை. சுவரைத் துளைக்க உரிமையாளர் விடமாட்டார். விட்டாலும் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அங்கர் போல்ட் பிடிக்காது. அதனால் தன் காலிலேயே நிற்கிற, கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய, கைகளை ஏற்றி இறக்கக்கூடிய இறாக்கை வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 20 அடி ஜீ.ஐ. பைப் (துத்தநாக முலாம் பூசியது), பொக்ஸ் பார் (சதுர, செவ்வக இரும்புக் குழாய்), எங்கிள் (எல் வடிவ இரும்பு) வைக்கிற, மூன்று தூண்கள் கொண்ட ஒருபக்க இறாக்கைக்கானவை. உயரம் 2.5 மீற்றர், கையின் நீளம் 600 மி.மீ., ஒரு தட்டுக்கு, அதாவது ஒரே மட்டத்தில் நிற்கும் மூன்று கைகளுக்கும் சேர்த்து, 300 கிலோ. ஓரளவு ஒட்டத் தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவரும் கூட ஓர் ஆளும் இருந்தால் செய்துவிடலாம்.

சாமானை முதலில் அளந்துகொள்ளுங்கள்

கடதாசியில் இறாக்கையை வரைவதற்கு முன் வைக்கப்போகிற சாமானைத் தராசில் நிறுங்கள். ஒரு அங்குல மீடியம் ஜீ.ஐ. பைப் ஒரு மீற்றர் சுமார் 2.4 கிலோ, 20 அடிக்கு ஏறத்தாழ 15 கிலோ. இரண்டு அங்குலம் என்றால் மீற்றருக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல், முழு நீளம் 30 கிலோ தாண்டும். 50×50×3 மி.மீ. பொக்ஸ் பார் ஒன்று 27 கிலோ. ஆகவே 300 கிலோத் தட்டில் ஒரு அங்குல பைப் 20 வைக்கலாம். இரண்டு அங்குலத்தில் ஒன்பதுதான். இடம் இருக்கிறதே என்று பதினைந்து வைத்தால் தட்டின் கணக்கு அதிலேயே உடைந்துவிடும்.

தூண்களின் இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சாமானின் நீளத்தைத் தூண்களின் எண்ணிக்கையால் வகுங்கள், அதுதான் இடைவெளி. இரண்டு முனையிலும் அதில் பாதி வெளியே நீண்டு நிற்கும். 6 மீற்றருக்கு மூன்று தூண் என்றால் 2 மீற்றர் இடைவெளி, இரு பக்கமும் 1 மீற்றர் தொங்கல். இப்படி வைக்கும்போது ஒவ்வொரு தூணுக்கும் உரிய பங்கு கடதாசியில் சமமாக வரும். நடைமுறையில் ஒரு கை சற்று உயர்ந்து நின்றாலும் எடை அதன்மேல் ஏறும். ஆகவே கைக்கு 100 கிலோ என்று வந்தால் 150 என்று எடுத்துக் கணக்கிடுங்கள். கீழே வரும் எல்லா அளவும் அந்த 150-க்கானவை.

பி.வி.சி.க்கு இது பொருந்தாது. 13 அடி பைப்பை 2 மீற்றர் இடைவெளியில் வைத்தால் கொழும்பு வெக்கையில், குறிப்பாகத் தகரக் கூரைக்குக் கீழே, சில வாரத்தில் நடு வளைந்துபோகும், பிறகு நிமிராது. அதற்கு இடைவெளி 1 மீற்றர், நான்கு தூண். இரண்டையும் ஒரே இறாக்கையில் வைக்க வேண்டுமானால் 1.5 மீற்றர் இடைவெளியில் நான்கு தூண் நிறுத்தி, பி.வி.சி. தட்டில் மட்டும் கைகளின் மேல் நீளவாக்கில் பலகை போடுங்கள். துணிச் சுருளும் கம்பளச் சுருளும்கூடப் பலகையின் மேல்தான். வெறும் கையில் வைத்தால் சுருளில் கோடு விழும்.

எடை எங்கே போகிறது

கையின் நுனி முறிந்து விழுவதில்லை. முறிவது கையின் வேரும் (கை தூணோடு சேரும் இடம்) தூணின் அடியும்தான். ஒரு கைமேல் பரவிய 150 கிலோவின் நடுப்புள்ளி வேரிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 150 × 0.3 = 45 கிலோகிராம்-மீற்றர். அந்த அளவு வளைப்பு ஒவ்வொரு கையின் வேரிலும் விழும். ஒரு தூணில் உள்ள நான்கு கையின் வளைப்பும் ஒன்றுசேர்ந்து தூணின் அடிக்குப் போகும். அங்கே தூரத்தைத் தூணின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், ஆகவே 210 கிலோகிராம்-மீற்றரைத் தாண்டும். மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இதில் வேறுபாடில்லை. மேலே பாரம் வைத்தால் தூணின் அடி கூடுதலாக வளைவதில்லை. ஆனால் யாராவது தள்ளினால் கவிழ்வது எளிதாகிவிடும்.

கைக்கு 50×50×3 பொக்ஸ் பார் எடுங்கள். 40×40×2 மலிவுதான். ஆனால் 50×50×3 எடையில் அதைவிட 1.85 மடங்கு, வளைவைத் தாங்குவதில் 2.3 மடங்கு. சுமையைக் கை முழுவதும் பரப்பாமல் நுனியில் குவிக்கிற ஆள் எந்தக் கடையிலும் இருப்பார், அப்போது வேரில் வளைப்பு இரட்டிப்பாகும். அதைத் தாங்கும் மேலதிக வலிமை 50×50×3-இல் இருக்கிறது, 40×40×2-இல் இல்லை.

தூணுக்கும், அதன் கீழே தரையில் படுத்திருக்கும் அடிக்காலுக்கும் 100×50×3. தூணின் 100 மி.மீ. பக்கம் கை நீளும் திசையில் இருக்க வேண்டும். மாற்றி நிறுத்தினால் அதே இரும்பு, அதே செலவு, வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடையில் 3 மி.மீ. என்று சொல்வதை அப்படியே நம்பாமல் வெர்னியரை வெட்டுமுனையில் வைத்துப் பாருங்கள். 2.5 இருந்தால் தட்டுக்கு 250 கிலோவாகக் குறைத்து எழுதுங்கள்.

உயரம் மாற்றுவதற்கான ஓட்டைகளைத் தூணின் எந்த முகத்தில் போடுவது என்பதுதான் புதியவர்கள் அதிகம் பிழைவிடும் இடம். கை முன்னால் நிற்பதால் முன்முகத்தில் போடுவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் முன்முகமும் பின்முகமுமே வளைவைத் தாங்குபவை. 50 மி.மீ. அகலத்தில் 13 மி.மீ. ஓட்டை இரு பக்கமும் போட்டால் தூணின் விறைப்பில் 16 சதவீதம் போய்விடும். அதே ஓட்டையைப் பக்க முகத்தின் நடுக்கோட்டில் போட்டால் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே பக்கத்தில் போடுங்கள். கையின் பிடி தூணை இரு பக்கமும் கவ்வி நிற்கட்டும்.

வாங்க வேண்டியவை

எல்லாம் 20 அடி நீளத்தில்:

- 100×50×3 பொக்ஸ் பார்: 2. முதலாவதில் 2.4 மீற்றர் தூண் இரண்டும் 950 மி.மீ. அடிக்கால் ஒன்றும், இரண்டாவதில் தூண் ஒன்றும் அடிக்கால் இரண்டும் வெட்டுங்கள்.
- 50×50×3 பொக்ஸ் பார்: 2. 600 மி.மீ. கை 14. பன்னிரண்டு பாவனைக்கு, இரண்டு மேலதிகம்.
- 75×6 பிளாட் அயன்: 1. 200 மி.மீ. நீளத்தில் 28 துண்டு, பிடியின் கன்னங்களுக்கு (தூணை இரு பக்கமும் கவ்வும் தகடுகள்). மிச்சத்தில் குறுக்குக் கம்பிகளைப் போல்ட் போடுவதற்கான இணைப்புக் காதுகள். போதாததற்குக் கீழே வரும் 50×6 மிச்சத்தை எடுக்கலாம்.
- 50×6 பிளாட் அயன்: 1. பிடியின் முன்தகட்டுக்கு 200 மி.மீ. துண்டு 14, கை நுனித் தடுப்புக்கு 100 மி.மீ. துண்டு 14.
- 40×40×2 பொக்ஸ் பார்: 2. பின்னால் வரும் குறுக்குக் கம்பிகள் நான்கு.
- 25×25×3 எங்கிள்: 2. பின்னால் பெருக்கல் குறியாக வரும் மூலைவிட்டங்கள் நான்கு.
- 6 மி.மீ. தகட்டில் அடி 300, மேல் 100, உயரம் 250 மி.மீ. அளவில் சரிவகத் துண்டு 6, அடிப்பாதத்துக்கு 100×100 துண்டு 6.
- எம்12×90 போல்ட் 30, நைலோன் நட்டோடு. தலையில் 8.8 என்று (வலிமைத் தரம்) அடித்திருக்க வேண்டும். இணைப்புகளுக்கு எம்10 போல்ட் 20. பாதத்துக்கு எம்16 போல்ட் 6, நட்டு 12.

முழு இறாக்கையும் வெறுமையாக 170 கிலோ அளவில் வரும். புறக்கோட்டை ஒழுங்கைக்குள் லொறி போகாத இடத்துக்கும் நாட்டாமிமார் கைவண்டியில் கொண்டுபோகலாம், மிகப் பெரிய துண்டே அடிக்கால் ஒட்டிய 2.5 மீற்றர் தூண்தான்.

தூணும் அடிக்காலும்

ஓட்டையிடுவதைத் தூணை அடிக்காலோடு ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று தூண்களையும் பக்கவாட்டில் படுக்கவைத்து அடிமுனையைச் சமப்படுத்தி இறுக்கக் கட்டுங்கள். அடியிலிருந்து 200 மி.மீ.யில் முதல் ஓட்டை, பிறகு 75 மி.மீ.க்கு ஒன்று, 2,300 வரை. தூணுக்கு 29. ஒவ்வொரு கோட்டையும் அளவு நாடாவின் தொடக்க முனையிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய கோட்டிலிருந்து 75, 75 என்று போனால் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிசகு சேர்ந்து, மேலே போகும்போது ஒரு தூணின் ஓட்டை மற்றதைவிட ஒரு சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். மட்டத்துக்குக் கை நிற்காது. மூன்றிலும் ஒரே கோட்டை மூலைமட்டத்தால் இழுத்துவிட்டு, தூணைப் புரட்டி மறுபக்கத்திலும் அதேபோல் குறியுங்கள். கை டிரில்லால் ஒரே இறக்கில் இரண்டு சுவரையும் துளைக்கப் பார்த்தால் பிட் சரிந்து மறுபக்கத்தில் வேறிடத்தில் வெளிவரும். ஒவ்வொரு பக்கமும் தனியாக, முதலில் 6 மி.மீ., பிறகு 13 மி.மீ. மொத்தம் 174 துளை. பொறுமையாகச் செய்ய ஒரு நாள் போகும், அந்த நாளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடிக்காலில் முன்னால் 700 மி.மீ., தூணுக்கு 100, பின்னால் 150. முன்நீட்சி எப்போதும் கையைவிட நீளமாக இருக்க வேண்டும். இங்கே கை நுனிக்கு அப்பால் 9 செ.மீ. நிற்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று அடிக்காலைக் குறைத்துக் கையை நீட்டினால், நுனியில் ஒருவர் தொங்கினால் போதும், இறாக்கை அவர்மேல் வரும். பின்நீட்சி, வெறும் இறாக்கை பின்னால் சாயாமல் இருக்க. மொத்த உயரம் அடியின் ஆழத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 950-க்கு 2.5 மீற்றர் அதற்குள் வருகிறது. மேலும் உயர்த்தினால் சுவரோடு கட்டித்தான் ஆக வேண்டும்.

தூணை அடிக்காலின் மேல் நிறுத்தி முதலில் நான்கு மூலையிலும் சிறு பொட்டாக ஒட்டு வைத்து, இரு திசையிலும் மூலைமட்டம் பார்த்த பிறகு சுற்றி ஒட்டுங்கள். அதன்பின் சரிவகத் தகட்டை இரு பக்கமும் வைத்து ஒட்ட வேண்டும். தூணும் அடிக்காலும் ஒரே 50 மி.மீ. அகலம் என்பதால் தகடு இரண்டின்மேலும் தட்டையாகப் படியும். முக்கோணத் துண்டை முன்முகத்தின் நடுவில் நிமிர்த்தி ஒட்டுவதைப் பல இடங்களில் காணலாம். அது 3 மி.மீ. சுவரின் மெல்லிய நடுவில் குத்தி, சுமை ஏறும்போது அந்தச் சுவரைத்தான் உள்ளே தள்ளும். இந்த ஒட்டுக்கு 3.15 மி.மீ. ஈ6013 வெல்டிங் குச்சி. மற்ற மெல்லிய இடங்களுக்கு 2.5 மி.மீ. குச்சி, 70 முதல் 90 அம்பியர்.

அடிக்காலின் இரு முனையிலும் கீழ்ப்பக்கம் துளைத்து எம்16 நட்டு ஒன்றை ஒட்டுங்கள். பாதத் தகட்டோடு ஒட்டிய போல்ட் அதற்குள் திருகி ஏறி இறங்கும். மற்ற நட்டு பூட்டுவதற்கு. நமது ஸ்டோர்த் தரைகள் பெரும்பாலும் வடிகால் பக்கம் சாய்ந்தவை. மரச் சீவல் வைத்து மட்டம் பிடித்தால் ஈரத்தில் நசுங்கும், கறையானும் வரும்.

கையும் பிடியும்

பிடி என்பது இரண்டு கன்னம், நடுவில் முன்தகடு. கன்னத்துக்குத் தலா இரண்டு ஓட்டை, 150 மி.மீ. இடைவெளியில், மேலிருந்தும் கீழிருந்தும் 25 மி.மீ. உள்ளே, பின்விளிம்பிலிருந்து 18 மி.மீ. இரண்டு ஓட்டைக்கும் இடையே தூணில் ஓர் ஓட்டை சும்மா நிற்கும். நெருக்கி 75-இல் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 12 மி.மீ. போல்ட் 13 மி.மீ. ஓட்டையில் ஆடும். மேல் போல்ட் ஒரு மி.மீ. முன்னே, கீழ்ப் போல்ட் ஒரு மி.மீ. பின்னே போனால் 150 இடைவெளியில் கை நுனி 8 மி.மீ. தாழும். 75 என்றால் 16. பைப் உருண்டு வெளியே வர அதுவே போதும்.

தூண் 50 மி.மீ., கன்னங்களுக்கு உள் அகலம் 53 வேண்டும். வெல்டிங் ஆறும்போது கன்னங்களை உள்ளே இழுத்துவிடும், பிறகு சுத்தியலால் அடித்தாலும் பிடி தூணில் ஏறாது. அதனால் 100×50 துண்டு ஒன்றின் இரு பக்கமும் 1.5 மி.மீ. தகடு வைத்து, கன்னங்களை அதன்மேல் கிளாம்பால் இறுக்கி, ஓட்டைகளுக்குள் எம்12 போல்ட் செருகியபடியே ஒட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை கழற்ற வேண்டாம். 50 மி.மீ. முன்தகட்டின் இரு பக்கமும் இருக்கும் 1.5 மி.மீ. வெடிப்பை ஒட்டு நிரப்பும்.

கை சமமட்டமாக இருக்கக் கூடாது, நுனி 20 மி.மீ. தூக்கி நிற்க வேண்டும். மேலே சொன்ன ஆட்டத்தில் 8, கை வளைவதில் 1, முழுச் சுமையில் தூண் முன்னே சாய்வதில் 6 என்று 15 மி.மீ. போனாலும் மிச்சம் 5 மேல்நோக்கியே இருக்கும். இதற்குச் சரிவாக வெட்டத் தேவையில்லை. நேராக வெட்டிய கையின் மேல்விளிம்பைத் தகட்டில் முட்டவைத்து நுனியைத் தூக்கினால் கீழே 1.7 மி.மீ. வெடிப்பு விடும், அது ஒட்டில் மூடிவிடும். மேல் ஒட்டை முதலில் போடுங்கள். அது ஆறி இழுக்கும்போது கை மேலே வரும். கீழே முதலில் போட்டால் கை தாழும். மேல் ஒட்டுத்தான் இழுவிசையைத் தாங்குவது, அதில் ஊசித்துளையோ கசடோ தெரிந்தால் கிரைண்டரால் எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். நுனித் தடுப்பு கைக்கு மேல் 50 மி.மீ. நிற்கட்டும்.

ஜீ.ஐ. முலாம் உள்ள துண்டை ஒட்டுவதென்றால் ஒட்டும் இடத்தில் துத்தநாகத்தை அரைத்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும்.

நிறுத்துதல்

முன்னால் கவிழ்வதைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். நீளவாக்கில் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிவதை யோசிப்பவர் குறைவு. தூணின் பின்முகத்தில் ஒட்டிய காதுகளில் குறுக்குக் கம்பியை மேலும் கீழும் போல்ட் போட்டு, விரலால் இறுக்கி விடுங்கள். மூலைவிட்ட எங்கிளின் ஓட்டைகளை முன்கூட்டியே போட்டுவைக்காதீர்கள். பாதத்தைத் திருகித் தண்ணீர் டியூப்பால் மூன்று அடிக்காலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகு எங்கிளைப் பிடித்து அந்த இடத்திலேயே குறித்துத் துளைக்க வேண்டும். அப்போதுதான் அது இறுக்கமாக நிற்கும்.

கைப் போல்ட்டுகளை முழுப் பலத்தோடு முறுக்க வேண்டாம். 3 மி.மீ. சுவர் உள்ளே நசுங்கும். கன்னம் தூணைத் தொட்டதும் அரைச் சுற்று போதும், நைலோன் நட்டு தளராது. இரண்டு கைகளுக்கு இடையே மிகக் குறைந்த இடைவெளி 225 மி.மீ. நான்காவது ஓட்டை தோறும் ஒரு நிறப் பொட்டு வைத்தால் அடுத்த முறை மாற்றும்போது எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெயின்ட் வேலையைப் பொருத்துவதற்கு முன்பே முடியுங்கள். தின்னரால் எண்ணெயைத் துடைத்து, ரெட் ஒக்சைட் இரண்டு கோட், மேலே எனாமல். கடற்காற்றுள்ள ஊரில் துரு வெளியிலிருந்து தொடங்குவதைவிட பொக்ஸ் பாரின் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. திறந்த முனைகளை மூடி, அடிக்காலின் கீழ்ப்பக்கம் 6 மி.மீ. வடிகால் துளை ஒன்று போடுங்கள். ஓட்டைகளின் விளிம்பையும் விடாதீர்கள்.

சோதனையும் பாவனையும்

ஒரு தட்டில் பலகை போட்டு 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்பதைச் சமமாகப் பரப்புங்கள். 450 கிலோ, அதாவது கைக்கு 150. வைப்பதற்கு முன் கை நுனியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். ஒரு நாள் விட்டு இறக்கியபின் மீண்டும் அளந்தால் பழைய அளவுக்கு வர வேண்டும். போல்ட் படிந்ததில் சில மி.மீ. குறைவது முதல் தடவை சகஜம். இரண்டாம் தடவையும் அதே அளவு குறைந்தால் வேரொட்டில் பிரச்சினை, அந்தக் கையை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு தட்டையும் இப்படிப் பாருங்கள்.

பாரமானவை அடிக்கால்களின் மேல். அந்த எடை தூணுக்குப் போகாமல் நேரே தரைக்குப் போகிறது. அடிக்கால்மேல் 50 மி.மீ. மரச் சட்டம் வைத்தால் பாதத்தையும் சேர்த்துச் சாமான் 15 செ.மீ.க்குமேல் நிற்கும். சாதாரண மழை வெள்ளத்துக்கு அது போதும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் ஏறிய வெள்ளம் போன்றதற்குப் போதாது. அந்தப் பகுதிகளில் மரமும் பலகையும் இரண்டாவது கைக்கு மேலேதான் இருக்க வேண்டும். அலுமினியப் பாரை வெறும் இரும்பில் வைக்காதீர்கள். ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கும், பூச்சும் கீறும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கையில் சுற்றினால் போதும்.

மரமாடித் தளங்களில் இதை வைக்க வேண்டாம். நிறைந்த இறாக்கை ஒன்றரை தொன்னுக்குமேல் வரும், அதை ஆறு பாதம்தான் தாங்குகிறது. இறாக்கையின் நீளம் வாசலின் நேர்கோட்டில் இருக்கட்டும். லொறியின் பின்புறத்திலிருந்து உருவிய 20 அடி பைப் திரும்பாமல் நேரே தட்டுக்குப் போக வேண்டும். திருப்ப வேண்டி வந்தால் பின்முனை யாருடைய தலையிலோ படும். ஏற்றும்போது கீழிருந்து மேலே, இறக்கும்போது மேலிருந்து கீழே, இரு முனையிலும் ஆள் நின்று. கைகளில் கால்வைத்து ஏறக் கூடாது. கை மாற்றும்போது அந்தத் தட்டை முழுதாகக் காலிசெய்த பிறகே போல்ட்டில் ஸ்பானர் வையுங்கள். "தட்டுக்கு 300 கிலோ" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் நடுத்தூணில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு அங்குலம் 20, இரண்டு அங்குலம் 9 என்று எண்ணிக்கையையும் போடுங்கள். வேலையாட்கள் பைப்பை எண்ணித்தான் அடுக்குகிறார்கள், நிறுத்தல்ல.